படகுக்காரி திரும்பும் வழி

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. குடை பிடிக்கத் தேவையில்லாத, ஆனால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வைக்கும் தூறல். நூலகத்தின் மாடியில், இணையவழி வாசிப்புத் திட்டத்தின் சரிபார்ப்பாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்தார். பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். இங்கு வந்த பிறகும் சிவப்புப் பேனாவைக் கைவிடவில்லை. ஒலிப்பதிவுக்குச் சிவப்பு மை எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "பழக்கம்" என்று ஒரே சொல்லில் விடையளிப்பார்.

திட்டம் எளியது. நூலகம் குழந்தைக்கு ஒரு டேப்லெட்டை இரவல் தரும். குழந்தை திரையிலுள்ள கதையை உரக்கப் படிக்க வேண்டும். மென்பொருள் அக்குரலைப் பதிவுசெய்து பக்கத்தோடு ஒப்பிடும்; பொருந்தினால் அடுத்த புத்தகம் திறக்கும், பொருந்தாவிட்டால் திறக்காது. முறைகேடு என்ற ஐயம் எழுந்தால், சரிபார்ப்பாளர் கேட்டுப் பார்த்து, கணக்கை மூடுவது குறித்து முடிவெடுக்க வேண்டும்.

"அந்த லாண்ட்ரிப் பொண்ணு கேஸ்தானே சார்?" என்றார் பிரிவுத் தலைவி. "ஒரே புக்கைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கு. புக்குல இல்லாததெல்லாம் படிக்குது. டேப்லெட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைங்க வரிசை அனுமார் வாலாட்டம் நீளுது. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு முடிச்சிடுங்க."

விடுதிகளின் விரிப்புகளை வெளுத்துத் தரும் ஒரு சலவை நிலையத்தில் அந்தச் சிறுமியின் தாய் தேய்ப்பு வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் சிறுமி அங்கேதான் இருப்பாள். முதல் பதிவில் நீராவி இயந்திரங்களின் இரைச்சலுக்கு அடியில் அவள் குரல் புயலில் சிக்கிய காகிதம்போல் எழுந்து எழுந்து விழுந்தது. மென்பொருள் குறித்திருந்தது: சூழல் இரைச்சல் மிகை; பொருந்தவில்லை.

அடுத்தடுத்த பதிவுகளில் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. டேப்லெட்டை வேறிடத்தில் வைத்திருப்பார்கள் என்று அவர் கருதினார். பிறகு ஒரு பெண்ணின் குரல் கேட்டது: "ஏய், நிறுத்துங்கடி! பாப்பா படிக்கப் போறா." ஓர் இயந்திரம் பெருமூச்சு விட்டு அடங்கியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. அப்பால், மிகத் தொலைவில், மற்றொன்று. வேலை நேரத்தில் ஒரு கூடம் முழுவதும் வரிசையாக வாய்மூடுவதை அவர் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. பதிவை நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்.

இரைச்சல் ஒழிந்ததும் மென்பொருளுக்கு வேறு குறை கிடைத்தது: பிறர் குரல், உதவி பெறப்பட்டுள்ளது. அந்த உதவி முழுவதும் ஒரே சொல்லாக இருந்தது. "அப்புறம்?"

கதை சிறியது. ஒரு படகுக்காரி தனியாக அக்கரைக்குப் போய்ச் சேர்கிறாள். அத்துடன் புத்தகம் முடிகிறது.

"அப்புறம்?"

"அவ்ளோதான் பெரியம்மா."

"அக்கரையில விட்டுட்டு அவ்ளோதானா? அடுத்த புக்கைத் திற."

"திறக்க மாட்டேங்குது. நான் சரியாப் படிக்கலையாம்."

"மெஷினுக்கு என்னடி தெரியும்? அவ எப்படித் திரும்பி வந்தான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

"சுருக்கம், நீ கொஞ்சம் சும்மா இரு," என்றது தாயின் குரல். எதையும் நீட்டி முழக்கிப் பேசுகிற அந்த மூத்தவளுக்குத் தேய்ப்புக் கூடம் கேலியாக வைத்த பெயர் அது.

மறுநாள் பதிவு. மென்பொருளின் குறிப்பின்படி திரையில் அதே கடைசிப் பக்கம். சிறுமி படித்தாள்: "படகுக்காரி கரையேறித் திரும்பிப் பார்த்தாள். ஆறு இடம் மாறியிருந்தது. படகு மட்டும் ஈரம் காயாமல் மணலில் நின்றது."

அவர் மேசையிலிருந்த அச்சுப் புத்தகத்தில் அந்த வரிகளைத் தேடிப் புரட்டினார். இல்லை. முன்னட்டையிலிருந்து மீண்டும் புரட்டினார். அங்கும் இல்லை. வேறு புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறாளோ என்ற ஐயம், முறைப்படி, அவருக்கு எழுந்தது. ஆனால் பார்த்துப் படிப்பவர் வரியின் முடிவில் மூச்சு வாங்குவார். இவளோ வரியின் நடுவில், போக வழியில்லாத இடத்தில், நின்றாள். அந்த இடைவெளியில் இயந்திரம் இல்லை, இருமல் இல்லை, "அப்புறம்" கூட இல்லை. ஒரு கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையின் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது. "ஆறு போன வழியெல்லாம் ஈரமாக இருந்தது," என்றாள் அவள், மெதுவாக. "அவள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஈரத்தின் பின்னாலேயே நடந்தாள்."

திறந்த பேனா திறந்தபடியே இருந்தது. எத்தனையோ பேருடைய சொற்றொடர்களை அவர் சீராக்கியிருக்கிறார். ஒரு சொற்றொடர் இல்லாமையிலிருந்து எழுந்து வரும் ஓசையை இன்றுதான் கேட்டார். கையில் மயிர் சிலிர்த்திருந்ததைச் சட்டைக் கையை இறக்கிவிட்டு மறைத்தார்; அறையில் வேறு எவரும் இல்லை.

பிரிவுத் தலைவி எட்டிப் பார்த்தார். "விசாரணை பண்றீங்களா, கதை கேக்கறீங்களா?"

"இரண்டும்."

"ரூல் என்ன சொல்லுது?"

"முடிவு என் பொறுப்புன்னு சொல்லுதும்மா."

அச்சிட்ட படிவத்தில் 'மூடப்படுகிறது' என்ற சொல் முன்னரே இருந்தது. அதன்மேல் அளவுகோல் வைத்துக் கோடிழுத்தார். கீழே எழுதினார், கிழித்தார், புதுப் படிவம் எடுத்து மீண்டும் எழுதினார். கையொப்பமிட்டார். அஞ்சலில் சேர்க்காமல், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தார்.

தேய்ப்புக் கூடத்தில் வெள்ளை விரிப்புகள் மலைமலையாகக் கிடந்தன. அவருடைய அடையாள அட்டையைக் கண்டதும் தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திரையில் 'விசாரணை' என்று வந்ததிலிருந்தே டேப்லெட், தேய்த்து மடித்த ஒரு தலையணை உறைக்குள், திருப்பித் தரத் தயாராக இருந்தது.

"குத்தம் எங்க பேர்லதான் சார். பாப்பா ஒழுங்காத்தான் படிச்சா. நாங்கதான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலை."

"புக்குல ஆறு நகரவே இல்லையாமே சார்? இவதான் நகர்த்தினாளாம்," என்றாள் சுருக்கம். "அதுக்கு என்னைப் பிடிங்க. தூண்டிவிட்டவ நான்."

அவர் தாளை எடுத்தார். தாய் கை நீட்டினாள்.

"படிக்கிறவங்ககிட்டதான் குடுக்கணும்," என்று சொல்லிச் சிறுமியிடம் நீட்டினார்.

சிறுமி இரண்டு கைகளாலும் வாங்கினாள். யாரும் சொல்லாமலேயே அருகிலிருந்த இயந்திரம் பெருமூச்சு விட்டு அடங்கியது, பிறகு அதற்கடுத்ததும், கூடத்தின் கோடியில் இருந்ததும். கடைசி ஆவி கூரையை நோக்கி எழுந்து கலைந்தது. அவள் உரக்கப் படித்தாள்:

"கணக்கு தொடரும். அடுத்த புத்தகம் இன்றே திறந்துவிடப்படும். முந்தைய கதை இன்னும் முடியாததால், அதையும் மூட வேண்டியதில்லை."

"அப்புறம்?" என்றாள் சுருக்கம்.

அடுத்து அவருடைய கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, தாளின் பாதிக்கும் மேல் வெறுமையாக இருந்தது. சிறுமி தாளை இறக்கவில்லை. அந்த வெண்மையிலேயே கண் பதித்து, வாயை மெல்லத் திறந்தாள்.