வலக் கதவு ஸ்பீக்கர்

குருநகரில் யார் புதிதாக ரேடியோ வாங்கினாலும், டி.வி. வாங்கினாலும், எமில்ராஜ் ஒருதரம் காது கொடுத்துக் கேட்டுச் சொல்லாமல் அதை வீட்டுக்குள் எடுப்பதில்லை. முப்பது வருசமாகக் கோயில் திருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். நல்லது என்றால் நல்லது. ‘உந்தச் சாமானைத் திருப்பிக் குடுத்துப்போட்டு வா’ என்றால் கடைக்காரனும் மறுபேச்சில்லாமல் வாங்கி வைப்பான். மனுசனுக்கு இதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

ஆகவே, கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்று அதே ஊர்ப் பொடியன் ஜெனிஸ் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பார்த்தபோது, மெக்கானிக் சரி சொன்ன பிறகும் கையெழுத்து வைக்காமல் நின்றான்.

“பாட்டுச் செட்டை எமில் அண்ணை கேக்கட்டும்” என்றான்.

காரைக் கொண்டுவந்த தரகர் கனகலிங்கம் உடுப்பிட்டிக்காரர், அறுபது தாண்டியவர். “தம்பி, அது யப்பானிலை கொம்பனியே பூட்டிவிட்ட செட். இஞ்சை ஒருத்தரும் கைவைக்கேல்லை” என்று சொல்லிப் பார்த்தார். ஜெனிஸ் கேட்டால்தானே!

சனிக்கிழமை பின்னேரம், கோயிலுக்குப் பின்னால் வலை காயவிடும் வெளியில் கார் வந்து நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, இடுப்பளவு உயரம். பார்க்கச் சனம் கூடிவிட்டது. திருநாள் சபையின் செயலாளர் அருட்பிரகாசமும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். கொடியேற்றத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்த முறை டவுனிலிருந்து புதுக் கொம்பனியொன்றைக் கூப்பிட வேண்டும், ஆளுயர ஸ்பீக்கர்ப் பெட்டிகளை அடுக்கிக் கட்ட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. “எமிலின்ரை காதை விட்டுட்டு வேறை ஆரை நம்புறது?” என்று பங்குச் சுவாமியார் கேட்டதால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அந்த ஒரு பேச்சில்தான் திருநாள் இன்னும் எமில்ராஜின் கையில் நின்றது. அது அவருக்கும் தெரியும்.

எமில்ராஜ் வந்ததும் முதல் வேலையாக இரண்டு கதவையும் விரியத் திறக்கச் சொன்னார். பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, காருக்கு முதுகைக் காட்டியபடி கடற்கரைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். நாற்பது அடி, அறுபது அடி, நூறு அடி. அதுதான் அவருடைய முறை. கடலில் நிற்கிற வள்ளத்துக்கும் பூசை கேட்க வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். ஒலிபெருக்கி கட்டினால் எமில்ராஜ் அதற்குப் பக்கத்தில் நின்று கேட்கவே மாட்டார்; தண்ணீர் காலில் படும் வரைக்கும் நடந்து போய்த்தான் கேட்பார். கார் என்றாலும் அவருக்கு அதே நடைதான்.

திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். “எட்டாதடாப்பா. பாதி வழியிலை செத்துப்போகுது.”

கனகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ தம்பி, காருக்குள்ளை இருக்கிற ஆக்களுக்குத்தானே பாட்டு! கடலுக்கே போடப்போறியள்?”

சனம் சிரித்தது. எமில்ராஜுக்கு முகம் சிவந்துபோயிற்று. சரி, உள்ளே இருந்தே கேட்போம் என்று வேட்டியை மடித்துக் கட்டி, வயிற்றை ஒருமாதிரி ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்து ஓட்டுநர் இருக்கையில் இறங்கினார். கதவுகளைச் சாத்தினார்கள்.

கூம்பு ஒலிபெருக்கிக்கு இடது வலது கிடையாது. பத்தைக் கட்டினாலும் பத்தும் ஒரே சத்தத்தைத்தான் கக்கும். கார்ச் செட் அப்படியல்ல. இரண்டு பக்கமும் சரியாகப் பாடினால் பாட்டுக்காரன் முன்கண்ணாடிக்கு நடுவில் நிற்பது போல இருக்க வேண்டும். இளமையில் ரேடியோ திருத்தப் பழகிய காலத்திலேயே எமில்ராஜுக்கு அது பாடம். இப்போதோ பாட்டுக்காரன் இடப்பக்கத்துக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றான். வலப்பக்கத்தில் ஒரு பூச்சி பூரான் இல்லை. குனிந்து, தம்முடைய வலக் காதை வலக் கதவு ஸ்பீக்கரிலேயே வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

கண்ணாடியை இறக்கி, “வலது செத்துப்போச்சு” என்றார்.

ஜெனிஸ் தலையை உள்ளே விட்டுக் கேட்டான். அவனுக்குக் கேட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் எமில் அண்ணை இல்லை என்ற பிறகு அவன் எப்படி உண்டு என்பது? “ஓம் அண்ணை, ஒரு மாதிரி மந்தமாத்தான் கிடக்கு” என்றான். அடுத்து எட்டிப் பார்த்த இரண்டு பேருக்கும் அது மந்தமாகவே கேட்டது. ஊரே சேர்ந்து, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைக் கொன்றுவிட்டது.

“ஒருத்தரும் கைவைக்கேல்லை எண்டியள்?” ஜெனிஸ் தரகர் பக்கம் திரும்பினான். “ஸ்பீக்கரே செத்துக் கிடக்கு, எஞ்சினிலை என்னென்னத்தை மறைச்சியளோ! கள்ள வியாபாரம்! காரைக் கொண்டுபோங்கோ. இனி உங்களிட்டை ஒருத்தரும் வாகனம் வாங்காதபடி செய்யிறன்.”

கனகலிங்கம் எமில்ராஜின் பக்கம் வந்தார். அத்தனை பேர் முன்னால் கள்ளன் என்று கேட்டுப் பழக்கமில்லாதவர். “தம்பி எமில், கையை வைச்சாவது பாருங்கோ” என்று கெஞ்சினார். “அது அதிருது, ராசா.”

கார் என்னவோ போகட்டும், அந்தக் கெஞ்சலைத்தான் எமில்ராஜால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, பக்கத்தில் குந்தியிருந்து உள்ளங்கையை ஸ்பீக்கர் வலையில் வைத்தார். வலை துடித்தது. தாளம் தவறாமல் துடித்தது. துடிக்கிற ஸ்பீக்கர் பாடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பி, இடக் காதை வைத்தார். பாட்டு, ஒரு குறையும் இல்லாமல், அள்ளிக்கொண்டு வந்தது.

கையால் வலக் காதைத் தடவினார். போனை எப்போதும் இடக் காதில் வைப்பது நினைவுக்கு வந்தது. வலக் காதில் ஊத்தை அடைத்திருக்கிறது, எண்ணெய் விட்டால் போய்விடும் என்று எத்தனை வருசமாகச் சொல்லி வந்திருக்கிறார்! ஒலிபெருக்கிக்கு ஒரு காது போதுமாயிருந்தது. அதனால் மற்றது போனதே தெரியவில்லை.

எழும்பாமல் அப்படியே இருந்தார். யாருக்கும் தெரியாது. பேசாமல் வீட்டுக்குப் போனால் பன்னிரண்டாம் நாள் கொடியேற்றம், வழக்கம் போல அவருடைய ஒலிபெருக்கி. போவது முன்பின் தெரியாத ஓர் உடுப்பிட்டி மனுசனுடைய பெயர் மட்டுந்தான். பயமாயிருந்தது. தம்மை நினைக்க வெட்கமாயும் இருந்தது.

“ஜெனிஸ், ஸ்பீக்கர் நல்லாக் கிடக்கு” என்று எழுந்தார். “என்ரை வலக் காதுதான் பழுது.”

ஒருவரும் நம்பவில்லை. ஜெனிஸ் சிரித்தே விட்டான். “அண்ணைக்கு இரக்கம் கூடிப்போச்சு. வயசு போன மனுசனெண்டு காப்பாத்தப் பாக்கிறார். உங்கடை காதாவது பழுதாப் போறதாவது!”

“விசர்க்கதை கதையாதை. பாட்டை நிப்பாட்டு.” எமில்ராஜ் கனகலிங்கத்தைக் கூப்பிட்டார். “ஐயா, இஞ்சாலை வாங்கோ. நான் இடக் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடுறன். வலப்பக்கத்திலை நிண்டு ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ, நான் திருப்பிச் சொல்லுறன். எல்லாரும் பாக்கட்டும்.”

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காற்று முகத்தில் அடித்தது. காத்திருந்தார். மனுசன் தயங்குகிறார் போல என்று எண்ணினார்.

“சும்மா சொல்லுங்கோ ஐயா” என்றார்.

இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கண்ணைத் திறந்து, காதிலிருந்து கையை எடுத்தார். சனம் அசையாமல் நின்றது. ஜெனிஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கனகலிங்கம் சால்வையால் வாயைத் துடைத்தார்.

“சொல்லிப்போட்டியளோ?”

“மூண்டு தரம் சொன்னன், தம்பி” என்றார் கனகலிங்கம். அவருடைய கண் கலங்கியிருந்தது.

ஜெனிஸ் தரகரிடம் மன்னிப்புக் கேட்டு, கார்க் கூரையின் மேலேயே பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். சனம் ஒவ்வொருவராகக் கழன்றது. அருட்பிரகாசம் மட்டும் நின்றான். பிறகு எமில்ராஜுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, பார்த்து, இடப்பக்கமாக வந்து நின்றான்.

“அண்ணை, திருநாளைப் பற்றி ஒருக்கால் கதைக்கவேணும்” என்றான்.

மெல்லத்தான் சொன்னான். ஓர் எழுத்து விடாமல் எமில்ராஜுக்குக் கேட்டது.