கால்வாய்க் கரை, வேண்டாம்

“உங்களுக்கு என்னம்மா குறை?”

சமத்துவ ஆணைய அலுவலகத்தில் எழுத்தர் இப்படிக் கேட்டதும், “ஒரு குறையும் இல்லீங்க சார்” என்று சொல்லிவிட்டாள் அவள். யார் விசாரித்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லி வளர்த்த பெண். எழுத்தரும் பழக்க தோஷத்தில் ‘குறை: இல்லை’ என்று தட்ட, கணினி நன்றி சொல்லிப் பக்கத்தை மூடிக்கொண்டது.

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். “ஊமைக்கோட்டான். வாயைத் திறக்கவே மாட்டா, திறந்தா இப்படி. பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?”

“இருங்கம்மா, மறுபடி திறக்கிறேன்” என்றார் எழுத்தர்.

நடந்தது இவ்வளவுதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் உள்ள லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் அவளை ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே மேஸ்திரி அவளைத் தனியாக விட்டுவிட்டார். சனிக்கிழமை விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். முதலாளி முகவரியைப் படித்தார். குறுக்கே ‘கால்வாய்க் கரை, வேண்டாம்’ என்று எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆணையத்தின் கடிதம் போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

“பொண்ணுங்கறதால வேணாம்னாங்களா?”

“அங்க நாலு பொண்ணுங்க இருக்காங்க சார்.”

“மதம்? பிறப்பு?”

“கரையில எல்லாரும்தான் கலந்து கிடக்கோம்” என்றாள் அம்மா. “கொசு ஆள் பாத்தா கடிக்குது?”

“வயசு? மொழி?” அவர் திரையில் கட்டம் கட்டமாகக் கீழே போனார். “அப்ப எதனாலதான் வேணாம்னாங்க?”

“இல்லாதப்பட்டவங்க. அதனாலதான்” என்றாள் அம்மா.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படி ஒரு கட்டம் சட்டத்துல இல்லம்மா. சேக்கச் சொல்லி நாங்க மூணு தடவை எழுதிட்டோம். பொண்ணுங்கறது மாறாது, பிறப்பு மாறாது. ஏழ்மை அப்படி இல்லையே, நாளைக்கே மாறிடலாமேன்னு மேல இருக்கறவங்க சொல்றாங்க.”

“முப்பது வருஷமா அந்த ‘நாளை’யத்தான் சார் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

எழுத்தர் நல்ல மனிதர்தான். திரையையே வெறித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உடம்புல ஏதாவது? கண்ணு, காது? அந்தக் கட்டம் இருக்கு. அதுல போட்டா இன்னைக்கே கடிதம் போயிடும்” என்றார்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். “இடது காது மந்தம் சார். சின்ன வயசுல சீழ் பிடிச்சது.”

சீழ் பிடித்தது உண்மை. மந்தம் பொய்.

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் கண்ணுக்கு வேலை பாதிதான், மீதி காதுக்கு. சக்கரத்தின் இரைச்சல் ஒரு நூல் மெலிந்தால் கண்ணாடியின் ஓரம் தெறிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த நொடியில் கையை எடுக்கத் தெரிந்ததால்தான் மேஸ்திரி அவளைத் தனியே விட்டார். மந்தம் என்று ஆணையமே முத்திரை குத்தி அனுப்பினால் அங்கே மட்டுமல்ல, எந்தப் பட்டறையிலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள்.

“போட்டுடட்டுமா?” எழுத்தரின் விரல் காத்திருந்தது.

“போடுங்க சார்” என்றாள் அம்மா.

“வேணாம் சார்” என்றாள் அவள். அவளுக்கே கேட்காத குரல். “காது நல்லா கேக்கும். அதை வெச்சுத்தான் அந்த வேலையே.”

“மந்தம் இல்லன்னா எந்தக் கட்டமும் இல்லம்மா.”

“தெரியுது சார்.”

எழுத்தர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர்கள் கொண்டுவந்த விண்ணப்பத்தை நான்காக மடித்து மேசை விளிம்புவரை தள்ளினார். அதை யாரும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புக்கு மூன்று பேரிடம் கெஞ்சிவிட்டு வந்தவள் அம்மா. பையைத் தோளில் மாட்டினாள். மகளைப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் ஒதுங்கி வழிவிட, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.