பன்னிரண்டு அரை மாத்திரைகள்

என் வீட்டுக்காரர் பைலட். பெரிய விமானம் இல்லை, வயலுக்கு மருந்து தெளிக்கிற ஒற்றை ஆள் விமானம். இருபத்தாறு வருடம் அதை ஓட்டியவருக்கு வீட்டைப் பூட்டுவதும் விமானம் கிளப்புவதும் ஒன்றுதான். நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், அவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். "கேஸ்?" "மூடியாச்சு." "பின் கதவு?" "பூட்டியாச்சு." பார்க்காமல் ஒருநாளும் 'ஆச்சு' சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்புறம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அந்தப் பழக்கம்தான் எங்கள் வாயில் மண்ணைப் போட்டது.

லைசென்ஸ் புதுப்பிப்பதற்கான உடல்நலப் படிவத்தில் நாற்பத்தொரு கேள்வி. அவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்துப் படித்து டிக் அடித்தேன்.

"மயக்கம்?"

"இல்ல."

"வலிப்பு?"

"இல்ல."

"தூக்க மாத்திரை?"

"ஆமா."

கை அது பாட்டுக்கு டிக் அடித்துவிட்டது. போன வருடம் அவர் தம்பி தவறியபோது பன்னிரண்டு நாள், தினம் அரை மாத்திரை. அந்த நாட்களில் அவர் விமானத்தின் பக்கமே போகவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற நான்தான் டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கிவந்து, பாதியாக உடைத்தும் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. பறக்கத் தடை. கம்பெனியில் அறுபது வயது வரைதான் ஓட்ட விடுவார்கள். அவருக்கு மிச்சமிருந்ததே மருந்து தெளிக்கிற ஒரு சீசன், அது தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது.

விசாரணைக்கு நானும் போனேன். திறக்க முடியாத ஜன்னல், சட்டைப் பையில் மூன்று பேனாவோடு ஒரு அதிகாரி.

"இருபத்தாறு வருஷத்துல ஒரு கீறல் இல்ல சார். பறக்கறது என் உரிமை இல்லையா?" என்றார் இவர்.

"நடக்கறது உங்க உரிமை சார். பறக்கறது நாங்க கொடுக்கற சலுகை. உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

"எப்படி நிரூபிக்கறது?"

"ரெண்டு வருஷம் டாக்டர் கண்காணிப்புல இருக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதே ஒரு சீசன், இதில் இரண்டு வருடமாம்! ஆனால் அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டிக் தப்பா விழுந்திருந்தா வேற விஷயம். இப்பவே திருத்திக் கையெழுத்து போட்டுடலாம்."

நான் பாய்ந்தேன். "தப்புதான் சார்! நான்தான் அடிச்சேன். வரி மாறிப்போச்சு."

"சரிம்மா. ஒரு சம்பிரதாயத்துக்கு அவர் வாயால சொல்லட்டும்."

அதிகாரி படிவத்தைத் திருப்பி, வரியில் விரலை வைத்துப் படித்தார்.

"தூக்க மாத்திரை?"

மேஜைக்கு அடியில் இவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"ஆமா," என்றார் இவர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

தெருவில் இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "ஒரு 'இல்ல' சொன்னா நாக்கு அழுகியா போயிடும்?"

"கேட்டா வேற எப்படிம்மா சொல்றது?" என்றார். இருபத்தாறு வருடம் அவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பி வைத்ததும் அதே பதில்தானே. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

சீசன் தொடங்கிய அன்று காலை, என்னைக் கடையில் கொண்டுபோய் விடுவதற்காகச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் விமானச் சத்தம் கேட்டது, வேறு யாரோ ஓட்டுகிறார்கள். நான் அது காதில் விழாதவள்போல வாசலில் போய் நின்றேன்.

"கேஸ்?"

"மூடியாச்சு."

நாற்காலியிலிருந்து எழவில்லை.

"பின் கதவு?"

"பூட்டியாச்சு."

உள்ளே போய்ப் பார்த்தேன். பின் கதவு திறந்தே கிடந்தது.