மணப்பட்டின் சுத்தமான மணல்

மணப்பட்டுக் கரையில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடற்கரை மணலில் எவ்வளவு பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. அலை ஏறி நின்ற கோட்டில் மரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருக்கும் மேல்மணலை அள்ளி, உப்புக் கரைசலில் கொட்டிக் கலக்குவேன். மணல் அடியில் தங்கும், பிளாஸ்டிக் மிதக்கும். எங்கோ ஒரு கப்பலிலிருந்து கொட்டிய வெள்ளைக் குருணை போன மாதத்திலிருந்து ஊர் ஊராக ஒதுங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்குகிற சரக்கு, பார்த்தால் ஜவ்வரிசியேதான். பக்கத்து ஊரான நரம்பையில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கைப்பிடி குருணை மிதந்தது. மணப்பட்டில், அதுவும் ஊருக்கு நேர் எதிரே, வாளியில் வெறும் தண்ணீர்.

"கடலுக்கு உன் தங்கச்சி ஊரு மேல தனிப் பாசம் போல" என்று உடன் வேலை பார்க்கும் மணிவண்ணன் கிண்டலடித்தான். தங்கை உஷாராணி அந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் ஊர் பார்த்து ஓரவஞ்சனை செய்யாது. குனிந்து பார்த்தேன். மணல் முழுக்க விளக்குமாற்றுக் கோடுகள். யாரோ கூட்டி அள்ளியிருக்கிறார்கள்.

எதற்கென்றுதான் புரியவில்லை. வந்ததுதான் வந்தோம், தங்கை பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் வீட்டுக்குப் போனோம். மணிவண்ணன் வண்டியருகே நின்றுகொண்டான். இப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்த பிள்ளை, பாயில் முனகிக்கொண்டு கிடந்தான்.

"காலைலேர்ந்து பாலே குடிக்கலக்கா. குடிச்சாலும் கக்கிடுறான். வயிறு வேற கல்லாட்டம் இருக்கு."

தூக்கினேன். அவன் முகத்தடியில் சின்னத் தலையணை கிடந்தது. தலை உருண்டையாக வரக் கடுகு நிரப்பித் தைப்பார்களே, அதுதான். ஆனால் உள்ளே இருந்தது கடுகைவிடப் பருமனாக நெருடியது. ஒரு மூலை எச்சிலில் ஊறித் தையல் விட்டிருந்தது. அழுத்தினேன். உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

கையை அவளிடம் நீட்டினேன். "இன்னாடி இது?"

"கடுகுல வண்டு வுழுதுக்கா. இது கெடாது, தலைக்குச் சில்லுனு இருக்கும். கழுவிக் காய வச்சிதான் ரொப்புனேன். தெருவுல புள்ள இருக்கற எல்லா வூட்லயும் இதான்."

கத்த நேரமில்லை. பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். கன்னத்தின் உட்புறம் ஒரு குருணை ஒட்டியிருந்தது. எடுத்துக் காட்டியதும் உஷாராணியின் முகம் வெளுத்தது.

"மணி, வண்டிய எடு! ஆஸ்பத்திரிக்கு!"

பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர்வீட்டு வாசலில் ஒருத்தி சாக்கை விரித்து அதே குருணையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். "புள்ள கிட்ட வைக்காதீங்க!" என்று கத்தினேன். அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வண்டியில் ஏறியதும் உஷாராணி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினிக்கா உள்ள போயிருக்கும்? நீ அதத்தானே எண்ணுற, சொல்லுக்கா. எத்தினி போயிருக்கும்?"