சர்பத்துப் பை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வயிற்றிலிருந்து. போன வருடம் புற்றுநோயோடு சேர்த்து என் சிறுநீர்ப்பையையும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, தொப்புளுக்கு வலப்பக்கம் அதற்கொரு வாசல் வைத்து, வாசலில் சிறுநீர் சேர ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். சென்னையின் மே மாதத்தில் அந்த ஒட்டு முதல்முறை நழுவியபோது நான் நின்றுகொண்டிருந்த இடம் (வேண்டாம், சொல்ல மாட்டேன்). எனக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டார். என்னைவிடப் புழுக்கமான ஊரில், என்னைவிட மோசமான பையோடு, ஆனால் என்னைவிடக் கம்பீரமாக வாழ்ந்த ஒருவர்.

அப்படி வந்தவர்தான் ரேமோன். ஊர், வியட்நாமின் சைகோன். வருடம் 1967.

2

முதல் தொடக்கம்: 'சைகோன் நகரின்மீது போர்மேகங்கள்' [அடித்துவிட்டேன். ரேமோனின் கவலை போர்மேகம் அல்ல, கால்சட்டை.]

இரண்டாவது தொடக்கம். ரேமோன் புதுச்சேரிக்காரர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைக் கோட்டு போடாமல் ரொட்டி வாங்கக்கூடப் போகமாட்டார். அவருக்கும் சிறுநீர்ப்பையை எடுத்தார்கள்; அந்த அறுவைக்குப் பிறகு கறுப்புக்கு மாறினார், கறுப்பில் ஈரம் தெரியாது. கேட்டவர்களிடம் "துக்கம்" என்றார். யாருக்கு என்றும் கேட்டவர்களுக்காக ஆளுக்கொரு பெரியப்பாவைச் சாகடித்தார்.

அந்தக் காலத்துப் பை கெட்டி ரப்பர். அடியில், திறந்து காலிசெய்ய ஒரு திருகு. பசை தடவி வயிற்றில் ஒட்ட வேண்டும். சைகோன் புழுக்கத்தில் மதியத்துக்குள் பசை இளகிவிடும். கசிந்த இடமெல்லாம் தோல் வெந்து சிவந்தது. தான் இன்னும் வயிற்றுக்குள்தான் வேலை பார்ப்பதாக நினைத்த குடல்துண்டு, சளிபோல எதையோ சுரந்து திருகை அடைத்தது. (எனக்கும் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.) ஒருமுறை கிருமி சிறுநீரகம்வரை ஏறி நடுங்க நடுங்கக் காய்ச்சல். கையிருப்பு இரண்டு பைகள். கொடுத்த வெளிநாட்டு மருத்துவர் ஊர் திரும்பிவிட்டார். ஒரு பை ஏற்கெனவே வெடித்திருந்தது.

மனைவி மார்கரித்தைத் தவிர யாருக்கும் இது தெரியாது. வரும் ஞாயிறு அண்ணன் மகள் எலெனின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ரேமோன்தான் ஞானத்தகப்பன்.

"வரலன்னு சொல்லிடு. காய்ச்சல்னு சொல்லு."

"கோயிலு ஒண்ணுதான் நீங்க இன்னும் போவுற எடம்," என்றாள் மார்கரித். "அதையும் வுட்டுட்டா வூட்டுக்குள்ளயே குந்திக்க வேண்டியதுதான். போய்ப் பையத் தேடுங்க."

3

அமெரிக்கக் கிடங்குகளிலிருந்து நழுவியதெல்லாம் நடைபாதையில் விற்ற காலம். ரேமோன் பழைய பையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காட்டினார். கடைக்காரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஒரு பெட்டி நிறைய இருந்ததாம். காலையில்தான் வேட்டி கட்டிய இந்தியர் ஒருவர் பெட்டியோடு வாங்கிப்போனாராம்.

பயன் தெரியாத பொருளைப் பெட்டியோடு வாங்கும் வேட்டிக்காரர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான்: ரேமோனின் சிநேகிதர், அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்று கூப்பிடும் ஜவுளிக்கடை ஏகப்பன்.

ஏகப்பன் கடை வாசலிலேயே இருந்தார். இடுப்பில் ரப்பர் பை. திருகைத் திறந்து டம்ளரில் நன்னாரி சர்பத்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க முசே! அமெரிக்காக்காரன் மூளையப் பாத்தீகளா? சர்பத்துக்குன்னே ஒரு பை. இடுப்புல கட்டிக்க வாரு, கீழ திருகு. நடந்துக்கிட்டே குடிக்கலாம்!"

[இங்கே எனக்கு ஏகப்பன்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வியாபாரி இவ்வளவு அப்பாவியாக இருப்பாரா? பிறகு யோசித்தேன்: நான் முதன்முதலில் என் பையைப் பார்த்தபோது, மழையில் கைப்பேசி நனையாமலிருக்க யாரோ கொடுத்த உறை என்றுதான் நினைத்தேன். ஏகப்பன் இருக்கட்டும்.]

"எல்லாத்தையும் எனக்குக் குடுத்துடுங்க செட்டியாரே."

"ஒங்களுக்கு எதுக்கு?"

"சர்பத்துக்குத்தான்."

"ஒங்களுக்கு இனிப்பே ஆகாதே!" என்று ஏகப்பன் ஒரு மடக்கு உறிஞ்சினார்.

ரேமோன் தெருவை ஒருமுறை பார்த்தார். கறுப்புக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். சட்டையைத் தூக்கினார். வெந்த தோலும் தொங்கும் பையும் வெளிச்சத்துக்கு வந்தன.

"இது சர்பத்துக்கு இல்ல, செட்டியாரே. மூத்திரத்துக்கு."

ஏகப்பன் அந்த வயிற்றைப் பார்த்தார். தன் டம்ளரைப் பார்த்தார். வாயில் சர்பத்தோடு கன்னம் உப்ப நின்றார்.

துப்பினார். [இப்படித்தான் முதலில் எழுதினேன். சிரிப்பு அதில்தான் அதிகம். ஆனால் ஒருவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரில் நிற்கும்போது துப்புகிற மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டிவிட்டேன்.]

விழுங்கினார்.

"வலிக்குதா?"

"பசதான் எரியுது."

"இதுக்குத்தானா அம்புட்டுப் பெரியப்பாவும் செத்தாக?"

ரேமோன் சிரித்துவிட்டார். அறுவைக்குப் பின் வயிறு குலுங்கச் சிரித்தது அதுதான் முதல்முறை, பை நழுவாமல் பிடித்துக்கொண்டது. ஏகப்பன் இடுப்பிலிருந்ததையும் அவிழ்த்துப் பெட்டியில் வைத்துத் தள்ளினார்.

"அத்தனையும் புதுசுங்க. ஒண்ணு மட்டும் கொஞ்சம் இனிக்கும்."

4

ஞாயிறு. ரேமோன் வெள்ளைக் கோட்டில், புதிய பையோடு, ஞானஸ்நானத் தொட்டி அருகே குழந்தையை ஏந்தி நிற்கிறார். பின்வரிசையில் ஏகப்பன், நெற்றியில் விபூதியோடு. சாமியார் தண்ணீர் ஊற்றுகிறார். குழந்தை வீறிடுகிறது. ரேமோனின் வலப்பக்கத்தில் வெதுவெதுப்பாக ஓர் ஈரம் பரவுகிறது.

"ஐயோ, புள்ள சித்தப்பாவ நனைச்சிடுச்சு!" என்று எலென் சிரிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். மார்கரித் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு வரைவில் அது குழந்தைதான். இன்னொன்றில் குழந்தைமேல் பழி விழ, ரேமோன் மௌனமாக இருந்துவிடுகிறார். மூன்றாவதில் உண்மையைச் சொல்ல வாயெடுத்து... [இதை முடிக்கவில்லை.]

நனைத்தது யார் என்று எனக்கே தெரியாது. கோட்டுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இரண்டு கைகளிலும் குழந்தை இருக்கிறது. மார்கரித் வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிறாள். எந்த வரைவிலும் ரேமோன் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் வேண்டுமானால் ரேமோனிடம் கேட்டுப்பாருங்கள்.