இடப்பள்ளிக்கு நேர்ந்த சேவல்

இசக்கிமுத்துவைப் பாம்பு கடித்ததாக மட்டாஞ்சேரியில் கொச்சங்காடித் தெருவே நம்பியது. நம்பாத ஆள் ஒருவர் உண்டு. அது இசக்கிமுத்துதான்.

நடந்தது போன சித்திரையில். அவர் நகரசபையில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவர். அந்தி மயங்கிய நேரம், கள்ளு ஷாப்பிலிருந்து மிளகுக் கிடங்குக்குப் பின்னால் குறுக்கு வழியாக வந்தபோது கணுக்காலில் சுரீரென்றது. "பாம்பு! பாம்பு!" என்று அவர் போட்ட கூச்சலில் சுமைதூக்குகிறவர்கள் ஓடிவந்து, குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டுபோய் விஷவைத்தியர் நீலகண்டன் முன்னால் போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் நொண்டிக்கொண்டே தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்தார். வேலியிலிருந்து பிய்ந்த துருக்கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் அவருடைய வேட்டி நூல்.

அதற்குள் பாதி மட்டாஞ்சேரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஆரஞ்சுப் பழம் மட்டும் இரண்டு கூடை சேர்ந்திருந்தது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கம்பி என்பது?

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்குப் போஜனம் பிரமாதமாகக் கிடைத்தது. கள்ளுதான் கிடைக்கவில்லை. ஒரு வருஷத்துக்குக் கள்ளு உள்ளே போகக்கூடாது, போனால் அடங்கின விஷம் தலைக்கேறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஷாப்புக்காரர் தங்கப்பன், "இசக்கிச் சேட்டா, ஒரு உயிர் போன பாவம் எனக்கு வேண்டா" என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டார். குடிக்க வேண்டுமானால் கடித்தது கம்பி என்று ஊரறியச் சொல்லியாக வேண்டும். மானமா கள்ளா என்று தினமும் சாயங்காலம் யோசித்தார். தினமும் மானமே ஜெயித்தது. இவ்வளவு மானம் தனக்கு இருப்பது அவருக்கே புதுச் செய்தி.

இப்போது வருஷம் முடிந்துவிட்டது. பாம்புக்கடிக்குக் காவலான இடப்பள்ளி தேவாலயத்துப் புனிதர் புண்ணியாளனுக்கு அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி ஒரு சேவல் நேர்ந்திருந்தாள். அதைச் செலுத்தத்தான் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி, ஹார்பர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி பிடித்தார்கள். பஸ்ஸில் போயிருக்கலாம். மகள் வீரலட்சுமி பத்து வயதாகியும் ரயில் ஏறியதில்லை. அவர்களோடு, இசக்கிமுத்துவின் மடியில் சுருட்டிய ஒரு பத்து ரூபாய் நோட்டும் ரகசியமாகப் புறப்பட்டது. நேர்ச்சை முடிந்தால் தடை முடிந்தது. சாயங்காலம் நேரே தங்கப்பனின் பெஞ்சு.

சேவல் வீரலட்சுமியின் கைக்குள் இருந்தது. கூடப்பிறந்தவர் இல்லாத பிள்ளை. குஞ்சிலிருந்து தானே வளர்த்த அதற்கு, அண்ணன் என்கிற அர்த்தத்தில் 'சேட்டன்' என்று பேர் வைத்திருந்தாள். ரயிலேறிய சந்தோஷம்கூட அவள் முகத்தில் இல்லை.

"நேர்ச்சைச் சேவலா? எந்தா காரியம்?" என்றார் எதிர் சீட்டுக்காரர்.

கேட்க ஆள் கிடைத்தால் இசக்கிமுத்துவின் நாக்கு நிற்குமா? ஹார்பர் பாலம் தாண்டும்போது பாம்பு மூன்றடி இருந்தது. சௌத் ஸ்டேஷனில் கூட்டம் ஏறியதும் ஐந்தடியாயிற்று. நார்த்தில் படமெடுத்துச் சீறியது. வாலைப் பிடித்துச் சுழற்றி எறிந்ததாகச் சொல்ல வாயெடுத்தபோது வீரலட்சுமி கேட்டாள்:

"பாம்பு உங்களைக் கடிச்சதுக்கு சேட்டன் எதுக்கப்பா சாகணும்?"

பெட்டியே சிரித்தது. இசக்கிமுத்துவும் சிரித்தார். அந்தத் துருக்கம்பி இந்தத் தடவை நெஞ்சில் ஏறியது.

இடப்பள்ளியில் இறங்கி வெயிலில் நடந்தார்கள். தேவாலய முற்றத்தில் மெழுகுவர்த்திப் புகை, ஜனம், கையிலும் கூடையிலுமாகக் கோழிகள். ஒரு ஓரத்தில் சில குடும்பங்கள் நேர்ச்சைக் கோழியை அங்கேயே சமைத்துக்கொண்டிருந்தன. குழம்பு வாசனை வந்ததும் வீரலட்சுமி சேவலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. மனைவியை மதிலோரம் கூட்டிப்போனார்.

"ஏட்டி பாக்கியம், என்னைக் கடிச்சது பாம்பில்ல. கம்பி. வேலிக் கம்பி. சேவல வீட்டுக்கே கொண்டுபோயிரலாம்."

"தெரியும்" என்றாள் அவள்.

"தெரியுமா?"

"அன்னைக்கு உங்க காலைக் கழுவினது யாரு? பாம்புப் பல்லுல துரு ஒட்டுமா? ஒரு வருஷம் கள்ளு ஆகாதுன்னு சொல்லச் சொல்லி வைத்தியர் கால்ல விழுந்ததே நாந்தான்."

"அப்ப நேர்ச்சை?"

"கடிக்கு இல்ல. இந்த மனுஷன் ஒரு வருஷம் குடிக்காம இருந்தா சேவல் தர்றேன்னு நேர்ந்தேன். நீங்க இருந்துட்டீங்க. கொடுக்காம இருக்க முடியுமா?"

ஒரு வருஷமாக ஊரை ஏமாற்றிய கெட்டிக்காரர் என்று இசக்கிமுத்து தன்னை நினைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே தன்னைவிடப் பெரிய ஆள் இருந்து சோறு போட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் அந்த வருஷம் முழுக்க எத்தனை சாயங்காலம் வாசலைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது கண் கரித்தது.

பாக்கியம் சேவலை வாங்கிக்கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு வந்தாள். வீரலட்சுமி அழவில்லை. அணைத்திருந்த கைகளை அப்படியே மடித்தபடி வெறுமனே நின்றாள்.

செலுத்திய கோழிகளைத் தெற்குப் பக்கம் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சேட்டனைத் தூக்கிக் காட்டியதும் ஒரு ஹோட்டல்காரர் அதன் நெஞ்சை அமுக்கிப் பார்த்து, "எட்டு" என்றார். அமுக்கிய விதம் இசக்கிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

"பத்து!"

கத்தியது தான்தான் என்பது கத்திய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஹோட்டல்காரர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கோழிக்குப் போனார். இசக்கிமுத்து பெண்டாட்டிக்கு முன்னால் மடியை அவிழ்த்து, சுருட்டிய நோட்டைப் பிரித்து நீட்ட வேண்டியதாயிற்று. பாக்கியம் நோட்டைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திரும்பும் வண்டியில் சேட்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து கொக்கரித்தது. வீரலட்சுமி ஸ்டேஷன் பேரையெல்லாம் மலையாளத்தில் உரக்க வாசித்து அதற்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்திலிருந்தவர் சேவலைப் பற்றி விசாரித்தார்.

"கால்ல கம்பி கிழிச்சது. அதுக்கு நேர்ந்தது" என்றார் இசக்கிமுத்து. கேட்டவர் கொட்டாவி விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாலம் வந்தபோது பாக்கியம் மெதுவாகச் சொன்னாள்:

"புண்ணியாளன்கிட்ட அடுத்த வருஷத்துக்கும் நேர்ந்துட்டு வந்திருக்கேன்."

"எதை?"

"சேவல்தான் கைவசம் இருக்கே. நீங்களே உங்க காசுல வாங்கித் தந்தீங்க. தங்கப்பன்கிட்ட, விஷம் இன்னும் முழுசா இறங்கலன்னு வைத்தியர் சொல்லிருவாரு. இல்ல, கம்பிதான்னு நீங்களே ஊர்ல சொல்லிக்கிடலாம்."

இசக்கிமுத்து சேவலைப் பார்த்தார். அது அவரை ஒரு கண்ணால் பார்த்தது.

"எதுக்குச் சொல்லணும்?" என்றார் அவர். "பாம்புதான்."