பிரிஜிட் திருநாளில் வெட்டிய சீஸ்

இலை அடைத்த கூரைத் தூம்பைச் சுத்தம்செய்ய ஏணியில் ஏறிய என் கணவன் டொனகா, அக்டோபரில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். தலைவலி நின்றதும் சீஸ் அறைக்குள் போய்விட்டான்.

எங்களுடையது, மேல்தோலை உப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பழுக்கவைக்கிற சீஸ். மாடும் பாலும் என் பொறுப்பு. எந்த சீஸ் வட்டு எப்போது வெட்டப் பதம் என்று சொல்வது டொனகாவின் மூக்கு. நான் அதில் தலையிட்டதே இல்லை.

பிப்ரவரியில் பிரிஜிட் திருநாள் விடுமுறை வந்தது. பசுவுக்கும் பாலுக்கும் அந்தப் புனிதவதிதான் காவல் என்பதால், அன்றைக்குச் சுற்றுவட்டாரத்து சீஸ்காரர்கள் எல்லோரும் ஊர்க் கூடத்தில் கூடி, செய்ததைக் கொண்டுவந்து ஊருக்கு ருசிகாட்டுவோம். ஒரு மேஜையில் பிள்ளைகள் கோரைப்புல்லில் சிலுவை முடைந்துகொண்டிருந்தார்கள். டொனகாவின் அக்கா கோப்னிட் தன் ஆட்டுப்பால் சீஸை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். எட்டிப் பார்த்தேன். டொனகா எங்கள் வட்டை வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முதல்ல வெண்ணெய். அப்புறம் லேசா வைக்கோல் வாசம். கடைசியில கொட்டைப் பருப்பு."

"வைக்கோலா? மாடு படுத்த வைக்கோலாடா?" என்றான் பக்கத்துப் பண்ணை கோர்மாக். கூடமே சிரித்தது.

டொனகாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் போய் ஒரு துண்டை எடுத்தேன். வாய்க்குப் போவதற்கு முன்பே மூத்திர நெடி மூக்கைக் குத்தியது. வாயிலும் அதே நாற்றம். சந்தைக்குப் போகக்கூடாத சரக்கு. சின்ன வயதிலிருந்து இந்த வேலை செய்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. அப்போதும் அவன் கண் என் முகத்திலேயே இருந்தது. இது நல்லா இருக்கா, இல்லையா என்று என்னிடமிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறான் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

"இது கெட்டுப்போச்சு. யாரும் சாப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவனைக் கையைப் பிடித்துக் கூடத்துக்குப் பின்னால் கூட்டிப் போனேன். தூறிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து?"

"விழுந்ததிலேருந்து."

"சுத்தமா எதுவுமே தெரியலையா?"

"உப்பு தெரியுது. புளிப்பு தெரியுது. சூடு தெரியுது. மத்தபடி எல்லாமே அட்டையைக் கடிக்கிற மாதிரி."

"என்கிட்ட சொல்லமாட்டியா?"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ. அவர் இனிமே வராதுன்னு சொல்லிட்டா? அதான், தானா வரட்டும்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"இத்தனை மாசமா என் சமையலை நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னியேடா!"

"நல்லாத்தானே இருந்திருக்கும், எத்னா," என்றான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் திட்ட முடியவில்லை. வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனான். மேஜைக்கு முன்னால் நின்று, தனக்கு வாசனை போய்விட்டது, அந்த வட்டு தன் தவறு, கடைக்குப் போன வட்டுகளையும் நாளைக்கே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னான். 

கோர்மாக்கின் முகம் சிவந்தது. "தெரியாம சொல்லிட்டேன்டா," என்று முனகியவன், கொஞ்ச நேரம் கழித்து, "போன மாசம் உங்க அக்கா சீஸை வாய் நிறையப் புகழ்ந்தியே, அது?" என்று கேட்டான்.

"மூக்கு செத்ததாலதான் புகழ்ந்திருக்கான். இருந்தப்ப ஒரு நாளும் புகழ்ந்ததில்ல," என்றாள் கோப்னிட்.

மறுபடியும் கூடம் சிரித்தது. இந்தச் சிரிப்பில் டொனகாவின் இறுகியிருந்த தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். கோப்னிட் தன் பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்தாள். திருநாளுக்கு முந்தின ராத்திரி வெளியே போட்டுவைத்தால் பிரிஜிட் வந்து தொட்டுவிட்டுப் போவாள், தலைநோவு தீரும் என்பார்களே, அந்தத் துணி. எல்லோரும் பார்க்கத் தம்பியின் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

"ஏதாவது வாசம் வருதா?"

"ஈரமா இருக்கு."

"துவைக்காத துணி. வாசம் தெரியாதது இப்போதைக்கு உன் நல்ல நேரம்," என்றாள்.

மார்ச்சில் டாக்டரிடம் போனோம். வரலாம், வராமலும் போகலாம்; வந்தால் முதலில் நல்ல வாசனையும் நாற்றமாகத் தெரியலாம் என்றார். டொனகா பயந்த அளவுக்கு அது மோசமான பதிலில்லை. சீஸ் அறைக்கு நானும் போக ஆரம்பித்தேன். அவன் துடைப்பான், அமுக்குவான், பதம் என்பான். நான் மோந்துவிட்டு இல்லை என்பேன். தினமும் சண்டை. இரண்டு தடவை நான்தான் தப்பு. அவன் விரல் சொன்னதுதான் சரி. கோடை முடிவதற்குள் கடைக்காரர்கள் எங்களிடம் திரும்பி வந்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது டொனகா ஓடிவந்தான்.

"என்ன எரியுது? டயரா?"

அடுப்பையும் சுவிட்சுகளையும் பார்த்தேன். எதுவும் எரியவில்லை. அவன் வாணலிக்கு மேல் குனிந்து ஆழமாக இழுத்தான். முகம் அஷ்டகோணலாகியது.

"இதுதான்! ச்சீ, என்னமா நாறுது!" என்று கத்தினான். கத்திவிட்டு, மறுபடியும் குனிந்தான்.